சுவரில் தொடங்கிய கோடு: ஓவியர் கங்கா தேவி



இன்றைய பேச்சில் ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். அவர் பெயர் கங்கா தேவி. 1928ஆம் ஆண்டு இந்தியாவின் பீகார் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். 1991ஆம் ஆண்டு மறைந்தார். ஓவியக் கல்லூரியின் வாசலை மிதித்தவர் அல்லர். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை போன வழியே தம் கையையும் ஓட்டிக் கற்றவர். கணவர் இன்னொரு பெண்ணை மணந்துகொண்டதால் வாழ வழியின்றி நின்றவர். பெயரும் புகழும் தேடி வந்த காலத்தில் புற்றுநோயும் வந்து சேர்ந்தது. இத்தனை இடருக்கும் நடுவில் அவர் கை போட்ட கோடு மட்டும் தளரவே இல்லை.

இந்த அம்மையாரைப் பற்றித் தோட்டப்புறத்தில் வாழும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டுப் பெண்களும் நாள்தோறும் வாசலில் கோடு போடுகிறார்கள். அதற்குக் கோலம் என்று பெயர். அது கலை என்று நாம் நினைப்பதில்லை. "வீட்டு வேலையில் ஒன்று" என்று விட்டுவிடுகிறோம். கங்கா தேவியின் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு எப்படி மாறியது, அந்த மாற்றத்தில் ஒரு பெண்ணின் பங்கு என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

மிதிலை நாடு

மிதிலை என்ற பெயர் நமக்குப் புதிதன்று. சீதா தேவி பிறந்து வளர்ந்த நாடு மிதிலை. கம்பர் தம் இராமாயணத்தில் மிதிலை நகரின் அழகைச் சொல்வதற்கென்றே ஒரு படலம் வைத்திருக்கிறார். அந்த மிதிலை இன்று பீகார் மாநிலத்தின் வடபகுதியிலும், எல்லைக்கு அப்பால் நேப்பாள நாட்டிலும் பரவிக் கிடக்கிறது. பீகார்ப் பகுதியில் மதுபனி என்று ஒரு மாவட்டம் உண்டு. மதுபனி என்றால் தேன் காடு என்று பொருள். பெயரில்தான் தேன், வாழ்க்கையோ கசப்பு. ஓராண்டு வெள்ளம், மறு ஆண்டு வறட்சி என்று மாறி மாறி அடிபடும் வயல்வெளிகள் அவை.

அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மண் சுவர் வைத்துக் கட்டியவை. அந்தச் சுவர்களில் படம் எழுதுவது பெண்களின் வழக்கம். கல்யாணம் என்றால் மணமக்கள் தங்கும் அறையின் சுவர் முழுவதும் படம் எழுதுவார்கள். அந்த அறையைக் 'கொஹ்பர்' என்பார்கள். நடுவில் ஒரு மூங்கில் தண்டு, அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தாமரை இலைகள். பக்கத்தில் மீன், ஆமை, கிளி, பாம்பு, மேலே சூரியன், சந்திரன். வம்சம் தழைக்க வேண்டும், குடும்பம் பெருக வேண்டும் என்ற வாழ்த்துத்தான் அந்தப் படத்தின் பொருள்.

தரையிலும் எழுதுவார்கள். அரிசியை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியில் தொட்டு, மெழுகிய தரையில் இழுப்பார்கள். அதற்கு 'அரிபன்' என்று பெயர். கேட்கும்போதே உங்களுக்கு நம் மாக்கோலம் நினைவுக்கு வந்திருக்கும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான்.

வண்ணங்களுக்காக அவர்கள் கடைக்குப் போகவில்லை. விளக்குப் புகையில் படிந்த கரி கறுப்பு நிறம் கொடுத்தது. மஞ்சள் கிழங்கு மஞ்சளைத் தந்தது. அவுரியிலிருந்து நீலம் வந்தது. அரிசி மாவு வெள்ளை. மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை தயார். வீட்டில் இருப்பதைக் கொண்டே ஓர் உலகத்தைப் படைத்துவிட்டார்கள்.

பூமி அதிர்ந்தது, சுவர் தெரிந்தது

இந்தப் படங்கள் வீட்டுக்குள் இருந்ததால் வெளியுலகம் நெடுங்காலம் அறியவில்லை. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரிலும் நேப்பாளத்திலும் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். வீடுகள் பிளந்து கிடந்தன. சேதத்தைப் பார்வையிடச் சென்ற வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி, இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் வண்ணப் படங்கள் இருப்பதைக் கண்டு வியந்து நின்றார். பிறகு அவற்றைப் புகைப்படம் எடுத்தார். 1949ஆம் ஆண்டு 'மார்க்' என்ற கலை இதழில் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

அப்போதும் அந்தப் பெண்களின் வாழ்க்கையில் மாற்றம் எதுவும் வரவில்லை. மாற்றம் வந்தது 1966, 1967ஆம் ஆண்டுகளில். அதையும் கொண்டு வந்தது ஒரு துயரம்தான். பீகாரில் கடும் வறட்சி. வயல் காய்ந்தது, அடுப்பு அணைந்தது. அகில இந்தியக் கைவினை வாரியத்தை நடத்தி வந்த புபுல் ஜெயகர் அம்மையார் ஒரு வழி கண்டார். பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பிவைத்தார். கூடவே கட்டுக் கட்டாகக் காகிதத்தையும் கொடுத்தனுப்பினார். "சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதுங்கள், விற்றுப் பணம் தருகிறோம்" என்பதுதான் ஏற்பாடு.

எளிதாகத் தோன்றும் இந்த மாற்றத்தின் பெருமையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். சுவரில் எழுதிய படம் அடுத்த மழைக்கு அழிந்துவிடும். அடுத்த கல்யாணத்திற்கு அதன் மேல் மண் பூசி மெழுகிவிடுவார்கள். எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. காகிதமோ ஊரைவிட்டு வெளியே போகும். பெட்டியில் இருக்கும். அதன் மூலையில் ஒரு பெயரையும் எழுதலாம். அன்றுமுதல் மிதிலைப் பெண்களுக்கு ஓவியர் என்ற பெயர் கிடைத்தது. கையில் நாலு காசும் புரண்டது.

கங்கா தேவியின் கை

இப்போது நம் கதைத்தலைவியிடம் வருவோம். கங்கா தேவி சத்ரா என்ற சிற்றூரில் காயஸ்தர் குலத்தில் பிறந்தவர். காயஸ்தர்கள் வழிவழியாகக் கணக்கும் எழுத்தும் பார்த்து வந்தவர்கள். நம் தோட்டத்துக் கிராணிமார் வேலை போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா பிடித்த குலம் என்பதாலோ என்னவோ, அந்தக் குலத்துப் பெண்களின் படங்களில் வண்ணத்தைவிடக் கோட்டுக்கே முதலிடம். மெல்லிய மை எழுதுகோலால் நெருக்கமாகக் கோடுகளை அடுக்கி நிழலையும் ஒளியையும் காட்டுவார்கள். இம்முறைக்குக் 'கச்னி' என்று பெயர். வண்ணத்தை நிறைத்து எழுதும் முறைக்கு 'பர்னி' என்று பெயர். கங்கா தேவி கச்னி முறையில் கைதேர்ந்தவர். பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு ஆகிய இரண்டு மைகளே அவருக்குப் போதுமானவை.

மையில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. கை நடுங்கினால் படம் கெட்டது. இந்தக் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்பது பால்மரம் சீவியவர்களுக்கு நன்றாகப் புரியும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் இறங்காது. அந்த மயிரிழை அளவைப் புத்தகம் சொல்லித் தராது. கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். வெட்டுக்காட்டில் நம் தாய்மார்களின் கை கற்றுக்கொண்ட அளவு அது. கங்கா தேவியின் கையில் இருந்ததும் அதைப் போன்ற ஓர் அளவுதான்.

அவருடைய இல்லறம் இனிக்கவில்லை. கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். கங்கா தேவிக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று. அக்கால மிதிலைச் சமூகத்தில் கணவன் கைவிட்ட பெண்ணின் கதி என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பிறந்த வீட்டிலும் பாரம், புகுந்த வீட்டிலும் பாரம். அந்த நேரத்தில் அவருக்குச் சொந்தம் என்று இருந்தது தாய் கொடுத்த அந்தக் கோடு ஒன்றுதான். காகிதத்தில் எழுதினார். தொடக்கத்தில் மிகக் குறைந்த விலைக்குத்தான் போயிற்று. ஆனாலும் அது அவருடைய கை உழைப்பில் வந்த காசு.

நாளடைவில் அறிந்தவர்கள் அவர் கையின் தரத்தை உணர்ந்தார்கள். டில்லிக்கு அழைத்தார்கள். இந்திய அரசின் தேசியக் கைவினைஞர் விருது கிடைத்தது. 1984ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டது. வாழ வழியின்றி நின்ற பெண்ணுக்கு நாட்டின் தலைநகரில் இருக்கை போட்டார்கள்.

பழைய கோடு, புதிய காட்சி

விருது வாங்கியதால் மட்டும் அவரைப் பெரிய ஓவியர் என்று சொல்லவில்லை. மிதிலையில் அவரைப் போல் நேர்த்தியாகக் கோடு போட்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். கங்கா தேவியின் தனிச்சிறப்பு என்னவென்றால், பழைய கோட்டைக் கொண்டு புதிய வாழ்க்கையைச் சொன்னதுதான்.

இராமாயணக் காட்சிகளை அவர் வரிசையாக எழுதினார். மனித வாழ்க்கை என்ற பெயரில் ஒரு தொடரும் எழுதினார். மிதிலைப் பெண் ஒருத்தியின் வாழ்வில் பிறப்பு முதல் வரும் சடங்குகளும் நிகழ்ச்சிகளும் அதில் படிப்படியாக வருகின்றன. தெய்வங்களுக்கும் மணமக்களுக்கும் இருந்த இடத்தில் ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைத்தார்.

1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்திய விழா நடந்தது. வாஷிங்டன் நகரத்தில் நடந்த நாட்டுப்புறக் கலைவிழாவில் இந்தியத் திருவிழாச் சந்தை ஒன்றையே அமைத்திருந்தார்கள். கங்கா தேவியும் அங்கே சென்றார். மண் வீட்டில் பிறந்தவர் வானூர்தியில் பறந்தார். பார்த்ததையெல்லாம் மனத்தில் வாங்கிக்கொண்டார், படமாக எழுதினார். கேளிக்கைப் பூங்காவில் தண்டவாளத்தின் மேல் ஏறியும் இறங்கியும் சுழன்றும் ஓடும் வண்டி இருக்கிறதல்லவா? அதில் ஏறியதையும் ஒரு படமாக எழுதினார். கொஹ்பர் சுவரில் தாமரைக் கொடியை வளைத்து எழுதிய கை, அமெரிக்கத் தண்டவாளத்தையும் அதே பக்குவத்தில் வளைத்தது. சோவியத் நாட்டுக்குச் சென்றபோது மாஸ்கோவில் கண்ட தங்கும் விடுதியையும் அவ்வாறே எழுதினார்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. மரபு என்றால் பாட்டி போட்டதை அப்படியே திருப்பிப் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். பாட்டி கொடுத்தது கோடு. அந்தக் கோட்டைக் கொண்டு எதைச் சொல்வது என்பது பேத்தியின் உரிமை. தமிழ் எழுத்துகளை ஔவையார் காலத்திலிருந்து வாங்கிக்கொண்டோம். அதற்காக ஔவையார் சொன்னதை மட்டுமா எழுதிக்கொண்டிருக்கிறோம்?

நோயும் தூரிகையும்

1980களின் பிற்பகுதியில் கங்கா தேவிக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் சிகிச்சை பெற்றார். அந்த மருந்துகள் கடுமையானவை. உடலை உருக்கும். தலைமுடி கொட்டும். சாப்பாடு இறங்காது. நம் குடும்பங்களிலும் இந்தத் துன்பத்தைக் கண்டவர்கள் இருப்பார்கள்.

அந்த நிலையில் அவர் தம் நோயையே படமாக எழுதத் தொடங்கினார். மருத்துவமனை, படுக்கை, மருத்துவர்கள், சிகிச்சை என்று அத்தனையும் மிதிலைக் கோட்டில் வந்தன. அவை 'புற்றுநோய்த் தொடர்' என்று இன்று அறியப்படுகின்றன. அழுது புலம்பும் படங்கள் அல்ல. நடந்ததை நடந்தபடி பார்த்து, நிதானமாகப் போட்ட கோடுகள். மிதிலை ஓவிய மரபில் அதற்குமுன் மருத்துவமனைக்கு இடமே இல்லை. இவர் ஏற்படுத்தினார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஓவியம் எழுதினால் நோய் தீரும் என்று அவர் சிகிச்சையை விட்டுவிடவில்லை. மருத்துவமனைக்கும் சென்றார், ஓவியமும் எழுதினார். உடலுக்கு மருத்துவர் மருந்து கொடுத்தார். மனத்திற்கு வேண்டிய மருந்தை அவரே தயாரித்துக்கொண்டார்.

உலகின் மறுபக்கத்தில் மெக்சிகோ நாட்டில் பிரிடா காலோ என்ற பெண் ஓவியர் வாழ்ந்தார். 1907ஆம் ஆண்டு பிறந்து 1954ஆம் ஆண்டு மறைந்தவர். 6 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் மெலிந்தது. 18 வயதில், 1925ஆம் ஆண்டு, அவர் சென்ற பஸ் விபத்துக்குள்ளாகி முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. படுத்தபடியே எழுதுவதற்குப் பலகை பொருத்தி, மேலே ஒரு கண்ணாடியும் மாட்டினார்கள். கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே அவர் வரைந்தார். 1953ஆம் ஆண்டு மெக்சிகோவில் அவர் படக்காட்சி நடந்தபோது, கட்டிலோடு வந்து கலந்துகொண்டார். இன்று பூ முடித்த அவர் முகத்தை உலகெங்கும் சுவர்களிலும் சட்டைகளிலும் பைகளிலும் காணலாம்.

பிரிடா காலோவை உலகம் அறிந்த அளவுக்குக் கங்கா தேவியை அறியவில்லை. மிதிலையின் கோலக்காரி மெக்சிகோவின் ஓவியரைப் பார்த்து எழுதியவரும் அல்லர். ஆயினும் இருவரும் செய்தது ஒன்றே. தம் உடல் வலியை மறைக்கவில்லை. அதைத் தம் நாட்டு மரபின் நிறத்திலும் கோட்டிலும் வைத்து நிமிர்ந்து நின்று காட்டினார்கள்.

ஒரு சுவரின் கதை

நோயோடு போராடிய அந்த நாட்களில்தான் கங்கா தேவி இன்னொரு பெரும் வேலையையும் எடுத்துக்கொண்டார். டில்லியிலுள்ள கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுவதையும் கொஹ்பர் அறையாக எழுதிக் கொடுத்தார். சிகிச்சைக்கு நடுவே, உடம்பு இடம் கொடுத்த நேரமெல்லாம் அந்தச் சுவர்களின் முன் உட்கார்ந்தார். சிறு வயதில் தாயோடு சேர்ந்து எழுதிய அதே மூங்கிலும் தாமரையும் மீனும் கிளியும் அங்கே எழுந்தன. 1991ஆம் ஆண்டு அவர் கண்ணை மூடினார். சுவர் இருந்தது. ஆண்டுக்கணக்கில் மக்கள் வந்து பார்த்துச் சென்றார்கள்.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி கலை அன்பர்களைத் திடுக்கிடச் செய்தது. அருங்காட்சியகத்தில் நடந்த புதுப்பிப்பு வேலையின்போது அந்தச் சுவரோவியம் அழிந்து போய்விட்டது. நோயாளியான ஒரு பெண் தம் கடைசி வலிமையைக் கொட்டி எழுதிய படம், பாதுகாப்பதற்கென்றே கட்டிய இடத்தில் அழிந்தது.

ஆனால் கங்கா தேவி அழியவில்லை. காரணம், அவர் காகிதத்திலும் எழுதியிருந்தார். அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த ஜோதீந்திர ஜெயின் அவர் வாழ்வையும் படங்களையும் ஒரு நூலாக எழுதி வைத்திருந்தார். சுவர் போனது; பதிவு நின்றது. நேயர்களே, இந்தப் பேச்சில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

பின்னால் வந்தவர்கள்

கங்கா தேவிக்குப் பிறகும் அந்தக் கோடு தொடர்கிறது. கூலி வேலை செய்த பெண்களும் அதைக் கையில் எடுத்தார்கள். ஒதுக்கி வைக்கப்பட்ட துசாத் குலத்துப் பெண்கள், தங்கள் கைகளில் குத்திக்கொண்ட பச்சைக் கோலங்களையே காகிதத்தில் எழுதி ஒரு புதிய பாணியை உண்டாக்கினார்கள்.

ராண்டி என்ற ஊரில் துலாரி தேவி என்ற பெண்மணி இருக்கிறார். மீன்பிடிக்கும் குலத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. சிறு வயதில் மணமுடித்து, பெற்ற குழந்தையையும் இழந்து, தாய்வீடு திரும்பியவர். மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி என்ற இரு ஓவியர்களின் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை கூட்டும் வேலை செய்தார். வேலைக்கு நடுவே அவர்கள் எழுதுவதைப் பார்த்தார். ஆசை பிறந்தது. அவர்களிடமே கற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கைக் கதையை அவர் எழுதிய படங்களோடு 2010ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது நம் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம். 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர் எழுதிக் கொடுத்த சேலையை உடுத்திக்கொண்டு நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டத்தைப் படித்தார். தரை கூட்டிய கை எழுதிய மீன்கள் அன்று நாடாளுமன்றத்திற்குள் நீந்தின.

நம் வாசலைப் பார்ப்போம்

இனி நம் கதைக்கு வருவோம். நம் முன்னோர் தமிழகத்தை விட்டுக் கப்பலேறி வந்தபோது கொண்டு வந்த பொருள்கள் மிகக் குறைவு. கோலமோ கையிலேயே வந்தது. அதற்குப் பெட்டி தேவையில்லை, சுங்கம் தேவையில்லை. லயத்து வாசலில் சாணம் தெளித்து, விடியற்காலைப் பிரட்டுக்குப் போகுமுன் இருட்டிலேயே நாலு புள்ளி வைத்துச் சுற்றிவிட்டுப் போன பாட்டிமார் எத்தனையோ பேர். தைப்பொங்கல், மாரியம்மன் திருவிழா, தீபாவளி என்றால் லயம் முழுவதும் போட்டி போட்டுக்கொண்டு கோலம் மலரும். ஒரு வீட்டு அம்மா போட்ட தாமரைக் கோலத்தைப் பார்க்க அடுத்த லயத்திலிருந்து ஆள் வரும்.

அந்த வாசல்கள் இன்று எங்கே? சீபீல்டுத் தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா நிற்கிறது. பிராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். நாலாவது மாடியின் நடைபாதையில் சாணம் தெளிக்க முடியுமா? ஒட்டுக் கோலத்தை வாங்கி ஒட்டிவிடுகிறோம். நேரமில்லாத குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையிலிருந்த கோலம் கையைவிட்டுப் போகிறது என்பது உண்மை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையும் வண்ணத்தில் குளிக்கின்றன. கோலாலம்பூரின் பேரங்காடிகளில் சாயமேற்றிய அரிசியால் பெரிய பெரிய கோலங்களைப் போடுகிறார்கள். எல்லா இனத்தவரும் நின்று பார்த்துப் படமெடுக்கிறார்கள். ஆகவே கோலத்திற்கு மதிப்பு இல்லை என்று சொல்ல முடியாது. போட்டவர் பெயர்தான் எங்கும் இல்லை. விழா முடிந்ததும் அரிசியைக் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். மறு ஆண்டு வேறொரு கோலம்.

கோலம் அழிவது குற்றமன்று. காலையில் பிறந்து மாலையில் கலைவதுதான் அதன் இயல்பு. எறும்புக்கும் குருவிக்கும் உணவாகப் போவதில் ஓர் அறமும் இருக்கிறது. ஆனால் அதைப் போடத் தெரிந்த அறிவும் சேர்ந்து அழிந்துவிடக் கூடாது.

இன்றே தொடங்கலாம்

அதற்கு என்ன செய்வது? பெரிய செலவு வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பள்ளிப் பிள்ளையிடம் கொடுங்கள். வீட்டில் பாட்டியோ அம்மாவோ இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பாட்டி சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். ஒரு பக்கத்திற்கு ஒரு கோலம் போதும். முதலில் புள்ளிக் கணக்கு. நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா, எத்தனையில் தொடங்கி எத்தனையில் முடிகிறது என்று எழுத வேண்டும். அடுத்து, கோடு எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதை ஓர் அம்புக்குறியால் காட்ட வேண்டும். கீழே நான்கு விவரம்: கோலத்தின் பெயர், எந்த நாளில் போடுவது, யாரிடம் கற்றது, எந்தத் தோட்டத்தில் கற்றது. கடைசியாக, சொன்னவர் பெயரும் எழுதியவர் பெயரும் தேதியும்.

தோட்டத்தின் பெயரை எழுத மறக்க வேண்டாம். அந்தத் தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். உங்கள் நோட்டில் இருக்கும். கைப்பேசியில் படம் எடுத்தால் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். படமும் எடுக்கட்டும். ஆனால் படம் முடிந்த கோலத்தைத்தான் காட்டும். கை எங்கே தொடங்கி எங்கே திரும்பியது என்பதைக் காட்டாது. கைப்பேசி பழுதானால் படமும் போய்விடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடம் எழுதும் நோட்டின் ஓரத்தில் பிள்ளை பூவும் பறவையும் எழுதினால் முதலில் கோபம் வருவது இயல்பு. "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டுவிடுகிறோம். வறட்சிக் காலத்தில் மிதிலைப் பெண்களுக்குச் சோறு போட்டது அந்தப் படம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளையும் கங்கா தேவி ஆகிவிடாது. கணக்கும் மொழியும் கட்டாயம் வேண்டும். ஆனால் கையில் இருக்கும் ஒரு திறமையை அவமானப்படுத்தி அணைத்துவிட வேண்டாம். கோலாலம்பூரில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். சுவரில் மாட்டிய படத்தின் கீழே எழுதியவர் பெயர் இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். "எனக்கு என்ன தெரியும், சும்மா ஏதோ கோலம் போடுவேன்" என்று சொல்லாதீர்கள். பதினைந்து புள்ளியை மனத்தில் நிறுத்தி, எடுத்த கோடு எடுத்த இடத்திற்கே வந்து சேரும்படி போடுவது சிறிய அறிவன்று. கங்கா தேவியின் தாயும் தம்மை ஓவியர் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அந்தத் தாய் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கை மாற்றிக் கொடுத்தார். அந்த ஒரு செயல்தான் கணவன் கைவிட்டபோது மகளுக்குத் துணையாயிற்று, நோய் வந்தபோது ஊன்றுகோலாயிற்று, கடல் கடந்து பெயரையும் கொண்டு சேர்த்தது.

உங்கள் மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மகனையும் உட்கார வைக்கலாம், தவறில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.